கோத்தகிரியில் சுட்ட கறி

பஸ் ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி. புகை வாசம் எம்மேல இருந்துதான் வருது. வேட்டி சட்டை மாத்தியாச்சு, மூஞ்சி கைகால் கழுவியாச்சு. தலைமுடியில ஏறிப்போச்சுன்னா ரெண்டு நாளைக்குப் போகாதுங்க.

பீடியா? இல்லீங்க, அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. கறி சுட்டனுங்க. காலையில எட்டு மணிக்கு தீ மூட்டினது, ரெண்டு மணிக்குத்தான் எறக்கினேன். சோமனூர்ல எந்தங்கச்சி வீடு. மாப்ள தவறி இன்னைக்கு வருசம் திரும்புது. படையல் போட்டு, அப்புறம் ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் கறிச்சோறு. சமையலுக்கு ஆள் வந்திருந்தாங்க. இருந்தாலும் சுடற கறி நான்தான் பண்ணோணும்னு தங்கச்சி சொல்லிப்போட்டா.

எங்க குடும்பத்துல அது நம்ம வேலைங்க. கணபதியில லேத்து பட்டறை வெச்சிருக்கேன். நாச்சிமுத்து பட்டறைன்னா சொல்லுவாங்க. பத்துப் பதினோரு வருசத்துக்கு முன்னாடி ஒரு எண்ணெய் டிரம்மை வாங்கி, நீளவாக்குல ரெண்டா அறுத்து, கீல் வெச்சு, மூடி போட்டு, உள்ள கம்பித் தட்டு, பக்கத்துல காத்துப் போக ஓட்டை, எல்லாம் நானே பண்ணினேன். கடையில விக்கிறது ஒண்ணு ரெண்டு பாத்தேன். மூடியே சரியா ஒக்காராது. நம்முளுது மூடினா புகை வர வேண்டிய எடத்துல மட்டும்தான் வரும்.

கறியச் சுடறது வேற, புகையில வேக வெக்கிறது வேறைங்க. சுடறதுன்னா எல்லாரும் சுடலாம். நெருப்பு மேல போட்டுத் திருப்பினா முடிஞ்சுது. புகையில வேக வெக்கோணும்னா கரிய ஒரு பக்கமா ஒதுக்கி, கறிய இந்தப் பக்கம் வெச்சு, கரி மேல ஈரக் கொய்யாக்கட்டை ரெண்டு போட்டு மூடிரோணும். நாலு மணி நேரம். ஆட்டுத் தொடை முழுசா வெக்கலாம். முந்தின நாளே மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள், தயிர் எல்லாம் அரைச்சுப் பூசி வெச்சிரோணும். பூசறது எங்கூட்டுக்காரிங்க. பூங்கொடின்னு பேரு. அரைக்கிறது, பூசறது, கழுவறதெல்லாம் அவ பாத்துக்குவா. சமையல் நான்தானுங்க.

வருசா வருசம் மே மாசம் ரெண்டாவது வாரம் எங்காச்சும் மலைக்குப் போவோம். ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானல்னு. நாங்க, எந்தம்பி குடும்பம், தங்கச்சி வசந்தாமணி குடும்பம். மூணு குடும்பமும் சேர்ந்து ஒரு பங்களா எடுத்துக்குவோம். டிரம் வேன் மேல ஏறிரும். எல்லாரும் ஏரி பாக்கப் போவாங்க, சீட்டாடுவாங்க, பசங்க பந்து வெளையாடுவாங்க. நான் தீகிட்ட நிப்பேன். அரை மணிக்கு ஒருத்தர் வந்து, வெந்துச்சான்னு கேட்டுட்டுப் போவாங்க. அவ்வளவுதான். மாப்ள ஒருத்தர்தான் கூட நிப்பாரு.

வெள்ளியங்கிரின்னு பேருங்க. தங்கச்சி வீட்டுக்காரர். சோமனூர்ல பன்னெண்டு தறி போட்டிருந்தாரு. தறிச் சத்தத்துலயே இருந்து இருந்து சத்தமாத்தான் பேசுவாரு. நான் அவ்வளவா பேச மாட்டேன். இன்னைக்குத்தான் என்னமோ உங்ககிட்ட பேசிக்கிட்டு வர்றேன். அவரு அட்டை ஒண்ண மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு கரிக்கு வீசிக்கிட்டே இருப்பாரு. தறி, நூல், சொந்தக்காரங்க கதை, எல்லாம் ஓடும். வேற யாராவது வந்து ஒரு துண்டு பிச்சுத் தரச் சொன்னா, மச்சான் சொல்றவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதும்பாரு. நான் சொல்ல வேண்டியதில்ல. அவரே சொல்லிருவாரு.

போன வருசம் கோத்தகிரி. புதுசா ஒரு பங்களா, எந்தம்பி போன்லயே பாத்துப் புடிச்சது. போயிப் பாத்தா வண்டி நிக்கிற எடம் கீழ இருக்குது, வீடு மேல இருக்குது. நடுவுல அறுபது படி. பொட்டி சட்டியெல்லாம் ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போயிட்டாங்க. டிரம்மைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மாப்ள. பாதியில, "சித்த நில்லுங்க மச்சான்"னாரு. எறக்கி வெச்சோம். மறுபடி தூக்கினோம். பத்துப் படி ஏறல, மறுபடி நில்லுங்கன்னாரு. "என்னங்க மாப்ள, தறிக்காரருக்கு இதுக்கே மூச்சு வாங்குதா"ன்னேன். சிரிச்சாரு. மலைக்காத்து ஒத்துக்கலைன்னாரு. மேல கொண்டு போயிச் சேத்திட்டோம்.

அடுத்த நாள் காலையில பத்து மணிக்கு தீ மூட்டினேன். ரெண்டு தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு. தொடை ரெண்டும் பதினோரு மணிக்கு உள்ள போச்சு. நெஞ்செலும்புக்குப் பக்கத்துல தனியா ஒரு கரி அடுப்பு, மேல ஒரு தட்டு. கோத்தகிரியில மே மாசத்துலயும் சிலுசிலுன்னு இருக்குதுங்க. தீகிட்ட நின்னா சுகமா இருந்துச்சு. மாப்ள அட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. அன்னைக்கு அவ்வளவா பேசல. மக கிருத்திகாவுக்கு வரன் பாக்கோணும்னு சொன்னாரு. அப்புறம் சும்மாவே நின்னாரு.

ஒரு மணி, ஒண்ணரை இருக்கும். "இடது கை மரத்தாப்ல இருக்குது மச்சான்"னாரு. தீ மூட்டினதுல இருந்து வீசிக்கிட்டே இருந்தா மரக்காம என்ன பண்ணும்? கைய மாத்தி வீசுங்கன்னேன். மாத்திக்கிட்டாரு. சித்த நேரம் கழிச்சு, நெஞ்சுல என்னமோ கரிக்குதுன்னாரு. அன்னைக்குக் காத்து அவரு நின்ன பக்கமாத்தான் அடிச்சுது. புகை உள்ள போயிருக்கும், கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சுட்டு ஓரமா உக்காருங்கன்னேன். கிருத்திகா சோடா கொண்டாந்து குடுத்தா. பிரம்பு நாற்காலி ஒண்ணு கெடந்துச்சு, அதுல உக்காந்துக்கிட்டாரு. நான் நெஞ்செலும்பத் திருப்பிக்கிட்டிருந்தேன். நெஞ்செலும்பு கொழுப்புங்க. கொழுப்பு கரியில சொட்டினா குப்புன்னு தீ புடிக்கும். கண்ண எடுக்க முடியாது.

நடுவுல ஒருக்கா திரும்பிப் பாத்தேன். நெத்தியெல்லாம் வேர்த்திருந்துச்சு. அந்தக் குளிருல. தீகிட்ட நின்னுட்டுப் போனவரு, வேர்க்கத்தானே செய்யும்னு நெனச்சேன்.

அப்புறம் நாற்காலி சாயற சத்தம் கேட்டுச்சு.

கிருத்திகாதான் கத்தினா. எல்லாரும் ஓடியாந்தாங்க. எந்தம்பி மாப்ள நெஞ்ச அமுத்திப் பாத்தான். தூக்கிக்கிட்டு அந்த அறுபது படியும் எறங்கி, தம்பி காருல போட்டு, வசந்தா, கிருத்திகா, பூங்கொடி மூணு பேரும் ஏறிக்கிட்டாங்க. எனக்கு எடமில்ல. பசங்க இருக்காங்க, நீங்க இருங்கன்னு பூங்கொடி சொல்லிட்டுப் போனா. தம்பி சம்சாரம் பசங்கள மேல ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி டிவி போட்டு விட்டுட்டா.

நான் வெளியிலயே நின்னேன்.

நாலு மணிக்கு போன் வந்துச்சு. பூங்கொடிதான். "வழியிலயே போயிருச்சுங்க. பசங்ககிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிராதீங்க"ன்னா. சரின்னேன். வெச்சுட்டா.

இப்ப நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்களும் அப்படித்தான் நெனப்பீங்க. நெனச்சா நெனச்சுக்குங்க. நடந்தது நடந்தபடி சொல்லிர்றேன்.

போன பாக்கெட்ல போட்டுட்டுத் திரும்பினா, டிரம்ல இருந்து நூலாட்டம் புகை வந்துக்கிட்டு இருந்துச்சு. எனக்கு அதுவரைக்கும் கறி ஞாபகமே இல்லீங்க. தட்டு மேல கெடந்த நெஞ்செலும்பு கரிஞ்சு கெடந்துச்சு. போயி மூடியத் தொறந்தேன். கரி தணிஞ்சு சாம்பல் பூத்துப்போச்சு. தொடை ரெண்டும் அப்படியே செவசெவன்னு, செம்பு நெறத்துல இருந்துச்சு. நான் கவனிச்சிருந்தா அரை மணிக்கொருக்கா தொறந்து பாத்திருப்பேன், சூடு போயிருக்கும். ரெண்டு மணி நேரமா ஒருத்தரும் தொடல. பதினோரு வருசத்துல அந்த மாதிரி வெந்ததில்லீங்க. எலும்பத் தொட்டா கழண்டு வருது.

அதுலயே விட்டா காஞ்சு போகும். எடுத்து வெளிய வெச்சேன். ஒண்ண அலுமினியத் தாள்ல சுத்தினேன், பசங்களுக்குன்னு. இன்னொண்ணுல உள்ள வெந்திருக்கான்னு பாக்க ஓரமா ஒரு துண்டு அறுத்தேன். வாயில போட்டேன். அப்புறம் இன்னொரு துண்டு அறுத்தேன். அந்த நாற்காலி சாஞ்சு கெடந்துச்சு. அதை நிமித்திப் போட்டு உக்காந்தேன். உக்காந்து தின்னேன். எவ்வளவு தின்னேன்னு கேட்டா தெரியாதுங்க. பாதித் தொடை இருக்கும்.

அழுகை வரல. துக்கமா இருந்துச்சான்னு கேட்டா, என்னத்தச் சொல்றது. ஒண்ணும் இல்லீங்க. கை அறுத்துக்கிட்டு இருந்துச்சு, வாய் மென்னுக்கிட்டு இருந்துச்சு.

வசந்தா படியேறி வந்தத நான் பாக்கல. ஆம்புலன்ஸ் கீழ ரோட்டுல நின்னுருக்குது, அதுல மாப்ள. ஊருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி பொட்டி படுக்கைய எடுத்துக்கிட்டு, பசங்களக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு வந்திருக்காங்க. நிமிந்து பாத்தா எதிர்ல நிக்கறா. தலை கலைஞ்சு, ஒரு கால்ல செருப்பில்லாம. என் கையப் பாக்கறா, வாயப் பாக்கறா. நான் எந்திரிச்சு, துண்டுல கையத் தொடச்சேன். "பசங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேன் கண்ணு"ன்னேன்.

அவ என்னைத் தாண்டி உள்ள போயிட்டா.

ஒரு வருசம் பேசலைங்க தம்பி. எழவு வீட்டுல பேசல, சரி, அன்னைக்கு யாரு பேசுவாங்க. கருமாதிக்குப் பேசல. தீபாவளிக்கு அவளுக்கும் கிருத்திகாவுக்கும் சீலை எடுத்துக்கிட்டுப் போனேன். கிருத்திகா, "வாங்க மாமா"ன்னு வாங்கிக்கிட்டா. இவ சமையக்கட்டுல இருந்து வரவே இல்ல. ஒறம்பரைக்குள்ள பேச்சு பரவிப்போச்சு. தங்கச்சி புருசன் பொணமாக் கெடக்கறப்ப உக்காந்து கறி தின்னவன்னு. எந்தம்பி கூட ஒருக்கா கேட்டான். பூங்கொடி கேட்டா, "ஏனுங்க, உங்களுக்கு எப்படிங்க எறங்குச்சு?"ன்னு. எனக்கென்ன தெரியும்? எறங்குச்சு.

நான் அவருக்கு என்ன கொறை வெச்சேன் சொல்லுங்க? காரியம் முடியற வரைக்கும் கூடவே நின்னேன். தறிக்கூடத்துல ஷாப்ட் ஒடைஞ்சப்ப நான்தான் கடைஞ்சு அனுப்பினேன். வசந்தா தறிய நிறுத்திட்டாங்கறது வேற விசயம். ஆனா பேச்சு மட்டும் அந்தக் கறியிலயே நிக்குது. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாராம், முன்கூட்டி ஏதாச்சும் சொன்னாராம்மா, கை வலி, நெஞ்சு வலின்னு. வசந்தா, எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்கன்னுட்டா. அவளுக்கு எப்படித் தெரியும், அவ உள்ள சோத்துக்கு ஒலை வெச்சிட்டிருந்தா. என்னை யாரும் கேக்கலைங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

இந்த ஒரு வருசமா நாக்குல ருசி தெரியறதில்லீங்க. வயசாச்சில்ல, அம்பத்தெட்டு. குழம்புல உப்பு சரியா இருக்கான்னு பூங்கொடி முந்தி எங்கிட்டத்தான் கேப்பா. இப்ப கேக்கறதில்ல. ஒருக்கா ரசத்துல உப்பே போடல போல, நான் பாட்டுக்கு சாப்பிட்டு எந்திரிச்சுட்டேன். அன்னைக்கு உக்காந்து அழுதா. ரசத்துக்கு எதுக்கு அழுகறான்னு எனக்குப் புரியல.

போன வாரம் கிருத்திகா போன் பண்ணினா. "மாமா, அப்பாவுக்கு வருசம் வருது. அம்மா உங்கள டிரம்மோட வரச் சொல்றாங்க"ன்னா. அம்மா சொல்றாங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன். ஆமாங்க மாமான்னா.

டிரம் பட்டறைக்குப் பின்னால தண்ணி நின்னு துரு ஏறிக் கெடந்துச்சு. தேச்சேன். கீலுக்கு எண்ணெய் விட்டேன். நேத்து சாயங்காலமே குட்டியானை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, பூங்கொடியும் நானும் பஸ்சுல போயிட்டோம். அவ அங்கயே இருக்கறா, ரெண்டு நாள் கழிச்சு வருவா. எனக்கு நாளைக்கு ஒரு ஆர்டர் குடுக்கோணும்.

தறிக்கூடத்துக்கு வெளிய வேப்பமரத்துப் பக்கமா தீ மூட்டினேன். தறி ஓடாத வீடுங்க, நான் கரி ஒடைக்கிற சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுச்சு. ஒறம்பரை வந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. வெந்துச்சான்னு இன்னைக்கு ஒருத்தரும் கேக்கல. தள்ளியே நின்னாங்க.

பன்னெண்டு மணிக்கு மேல வசந்தா வந்தா. குளிச்சுப் படையல் போட்டு முடிச்சுட்டு, ஈரத்தலையோட. வந்து தீகிட்ட நின்னா. நான் நிமிரல. டாக்டர் கேட்ட அதையேதான் கேப்பான்னு நெனச்சேன். கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு வருசமா வெச்சிருந்தேன். அத அவ கேக்கல.

"அண்ணா"ன்னா.

"சொல்லு கண்ணு"ன்னேன்.

"கோத்தகிரியில நீங்க தின்னீங்களே."

"ஆமா கண்ணு. தப்புத்தான்."

"நான் அதுக்குப் பேசாம இல்லீங்கண்ணா."

நான் தலையத் தூக்கிப் பாத்தேன். அவ தீயத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

"அன்னைக்குக் காலையில இருந்து நான் ஒண்ணும் திங்கல. சோத்துக்கு ஒலை வெச்சேன், பசங்களுக்கு தோசை ஊத்தினேன், நான் அப்புறம் திங்கலாம்னு இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில அவரு முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். வண்டியில அவரு கால் மாட்டுலயே உக்காந்து வந்தேன். கீழ வந்து எறங்கினதும் அந்த வாசம் அடிச்சுது. படியேற ஏற அந்த வாசம். எனக்கு வாயில எச்சி ஊறுதுங்கண்ணா. அவரக் கீழ வண்டியில போட்டுட்டு வந்திருக்கேன், எனக்குப் பசிக்குது. மேல வந்து பாத்தா நீங்க தின்னுக்கிட்டு இருக்கீங்க."

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே கண்ணு"ன்னேன்.

"குடுத்திருப்பீங்க. நானும் வாங்கித் தின்னிருப்பேன். அதுதானுங்கண்ணா."

எதுதான்னு கேட்டேன். அவ முந்தானையச் சொருகிக்கிட்டு உள்ள போயிட்டா. நெசமாவே எனக்கு வெளங்கல தம்பி. பசிச்சா திங்கறதுல என்ன இருக்குது? அதுக்கு ஒரு வருசம் பேசாம இருப்பாங்களா? நான் வேற எதுக்கெல்லாமோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

ரெண்டு மணிக்கு எறக்கினேன். எல கழுவிப் போட்டு, பந்திக்கு ஆள் உக்காரப் போற நேரம். வசந்தா ஒரு தட்டு எடுத்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தா. "போடுங்க"ன்னா. போட்டேன். பந்திக்குப் போகல. அங்கயே, ஒறம்பரை அத்தனை பேர் பாக்க, நின்னுக்கிட்டே திங்க ஆரம்பிச்சா. பூங்கொடி ஓடியாந்து, உக்காந்து சாப்பிடலாம் வான்னு கையப் புடிச்சா. வசந்தா கைய உதறிட்டு அடுத்த துண்ட எடுத்தா. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கல, மென்னுக்கிட்டே இருக்கா. கிருத்திகா தண்ணிச் சொம்ப வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா.

நான் எதாச்சும் சொல்லோணும்ல.

"வெந்திருக்குதா கண்ணு?"ன்னேன்.

"ம்"னா.

"உப்பு?"

"சரியா இருக்குது."

தட்டக் காட்டினா. இன்னும் ரெண்டு துண்டு வெச்சேன். அதையும் தின்னா.

அப்புறம் எல்லாருக்கும் அறுத்துப் போட்டேன். ரெண்டு பந்தி ஓடுச்சு. மிச்சமே இல்ல. பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கெளம்பி வந்துட்டேன். வசந்தா வாசல் வரைக்கும் வந்தா. டிரம் இங்கயே இருக்கட்டும்னு சொன்னா. சரின்னேன்.

நானா? இல்லீங்க தம்பி. நான் ஒண்ணும் சாப்பிடல. நேத்து ராத்திரி ரெண்டு இட்லி தின்னதுதான். பசிக்கலீங்க.